வேண்டாம் என்று சொல்லும் எலும்பு

பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளைக்கு வேலை, சம்பளம், நல்ல குணம் எல்லாம் இருக்கிறதோ இல்லையோ, கழுத்து இருக்க வேண்டும். அதுவும் இரண்டு பக்கமும் திரும்புகிற கழுத்தாக இருக்க வேண்டும். இந்த உண்மையை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த வயதில் நான் கேட்டிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில ஆண்டுகள் நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தேன். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் அச்சகம். என் வேலை பிலிம் ஒட்டுவது. அடியில் டியூப் லைட் எரியும் கண்ணாடி மேசை ஒன்று இருக்கும். ஒரு படத்துக்கு நான்கு நிறத்துக்கு நான்கு பிலிம். நான்கும் மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். பிசகினால் பூச்சட்டிப் பெட்டியில் சிரிக்கிற பாப்பாவின் உதடு கன்னத்துக்கு இடம் மாறிவிடும். (ஒரு தடவை மாறியது. அந்தப் பெட்டிகள் எந்த ஊரில் விற்றன என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை.) ஆகவே காலையில் லென்சைக் கண்ணில் வைத்துக் குனிந்தால், சாயங்காலம்தான் நிமிர்வேன். தீபாவளி சீசனில் அதுவும் கிடையாது. வீட்டுக்கும் குனிந்தபடியே நடந்து போவேன். தெருவில் என்னை ரொம்ப அடக்கமான பையன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்தச் சீசனில்தான் தலைவலி வந்தது. வலது பக்கம் பிடரியில் புறப்பட்டு, காதுக்குப் பின்னால் ஏறி, நெற்றியைச் சுற்றிக்கொண்டு கண்ணுக்குப் பின்னால் வந்து உட்காரும். கண்ணாடிக் கடையில் போய்ப் பார்த்தேன். கண் நன்றாக இருக்கிறது என்றார்கள். மை வாடையாக இருக்கும் என்றார் முதலாளி. ஆனால் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அப்போது எங்கள் வீட்டில் ஓடிய டிவி தொடர்களில் தலையைப் பிடித்துக்கொண்ட யாரும் அந்த வாரத்தைத் தாண்டியதில்லை. எனக்கு மூளையில் கட்டி. அதில் சந்தேகமே இல்லை. டாக்டரிடம் போனால் அவர் அதை உறுதி செய்துவிடுவார் என்பதால் போகவில்லை.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து, "ஏலே, தலவலின்னு வெளிய வாயத் தொறந்துறாத. ஏற்கெனவே ரெண்டு எடம் தட்டிப் போச்சு. சீக்காளிப் பையன்னு பேராச்சுன்னா பொண்ணு யாரு குடுப்பா?" என்றார். தட்டிப்போன இரண்டு இடத்திலும் சொன்ன காரணம் ஒன்றுதான்: பையன் நிமிர்ந்தே பார்க்கவில்லையாம்.

மூன்றாவது இடமாக வந்தது எஸ்தரின் போட்டோ. விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீடு சூலக்கரை. பெண் பார்க்கக் கொடுக்கும் போட்டோவில் வழக்கமாகப் பெண்கள் கையில் ஒரு பிளாஸ்டிக் பூவோடு எங்கோ தூரத்தில் இருக்கும் எதிர்காலத்தைப் பார்ப்பார்கள். இந்தப் பெண் கேமராவை நேராகப் பார்த்து, 'சீக்கிரம் எடுங்க, டூட்டிக்கு நேரமாச்சு' என்பதுபோல் இருந்தாள். நான் அந்தப் போட்டோவை அச்சகத்துக்குக் கொண்டுபோய் கண்ணாடி மேசையில் வைத்து லென்சால் பார்த்தேன். நான் தினமும் பார்க்கிற முகங்கள் எல்லாம் லென்சுக்கு அடியில் வெறும் புள்ளிகளாகிவிடும். இந்த முகம் அப்படியே இருந்தது. இந்த இடமும் தட்டிப்போனால் நான் தாங்க மாட்டேன் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. மூளைக் கட்டியோடு எப்படிக் கல்யாணம் செய்வது என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. வாலிபம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாயங்காலம் போவதாக ஏற்பாடு. மத்தியானம் முடி வெட்டப் போனேன். வெட்டி முடித்ததும் கடைக்காரர், "கழுத்துல சொடக்கு எடுக்கவாண்ணே?" என்று கேட்டார். தலைவலிக்கு நல்லதாக இருக்கும் என்று நானே தலையை அவர் கையில் ஒப்படைத்தேன். இடது பக்கம் ஒரு திருப்பு. டொக். சுகமாகத்தான் இருந்தது. திரும்ப நேராக்கப் பார்த்தால் தலை வரவில்லை. முகம் இடது தோளைப் பார்த்தபடி நின்றுவிட்டது. "ஒரு டீ குடிச்சாச் சரியாயிரும்ணே" என்றார் அவர். டீயைக்கூட நான் பக்கவாட்டில்தான் குடித்தேன்.

வீட்டில் அம்மா என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தார். அந்த நேரத்தில் வந்து சேர்ந்தார் தங்கையா மாமா, அம்மாவின் தம்பி. அப்பா காலமான பிறகு எங்கள் வீட்டில் எதற்கும் முன்னால் நிற்பவர். அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். ஆனால் எங்கள் தெருவில் அவருடைய பெருமைக்குக் காரணம் அந்த வேலை இல்லை. அவர் பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்தது. கால் முதலில் பிறந்தவர் உதைத்தால் சுளுக்குப் போய்விடும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். (சபையில் இதைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை. ஆனால் சபையில் சுளுக்கியவர்களும் மாமாவிடம்தான் வருவார்கள்.) மாமாவும் பீஸ் வாங்காமல், ஒரு காப்பிக்கு, தெரு முழுக்க உதைத்துக்கொண்டிருந்தார்.

"சுளுக்குதானக்கா? இதுக்கா அளுகுற?" என்றார் மாமா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

"மாமா, கழுத்துக்குப் பண்ணியிருக்கீகளா?" என்று நிலைக்கதவைப் பார்த்துக் கேட்டேன். அந்தப் பக்கம்தான் என் முகம் இருந்தது.

"இடுப்புக்குத்தான் பண்ணிருக்கேன். எல்லாம் ஒரே தண்டுதானலே, திரும்பி நில்லு."

சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். மாமா கர்த்தரை நினைத்துக்கொண்டு இடது குதிகாலால் என் பிடரிக்குக் கீழே மூன்று உதை விட்டார். முதல் உதையில் கண்ணுக்குப் பின்னால் பொறி பறந்தது. இரண்டாவதில் பட்டாசுக் கம்பெனி முழுவதும் தெரிந்தது. மூன்றாவது உதைக்குப் பிறகு கழுத்து என்று ஒன்று தனியாக அசைவதே நின்றுபோய், தலையும் தோளும் ஒரே கட்டையாகிவிட்டன. "இப்பம் எளகும் பாரு" என்று மாமா காப்பி குடிக்கப் போனார். சூலக்கரைக்குப் போகிற வழியில் காரில் அம்மா சொன்ன ஒரே வார்த்தை: "தலவலியப் பத்தி மூச்சு விடாத."

சூலக்கரை வீட்டில் என்னைச் சோபாவில் உட்கார வைத்தார்கள். எதிரே எஸ்தரின் அப்பா. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். விடைத்தாளைப் பார்ப்பதுபோல் ஆட்களைப் பார்ப்பார். என் இடது பக்கம் அடுப்படி வாசல், பூப்போட்ட திரை. வலது பக்கம் பெண்ணுக்காகப் போட்டிருந்த ஒற்றை நாற்காலி. நான் அடுப்படியைப் பார்த்தபடியே, "வணக்கம்ங்க" என்றேன்.

"பலகாரத்துக்கு அவசரப்படுறாரு போல" என்று யாரோ சிரித்தார்கள்.

"ஒரு வார்த்தை ஜெபம் பண்ணிட்டுப் பேசுவோம். எல்லாரும் தலைகளைத் தாழ்த்துங்க" என்றார் வாத்தியார். எல்லாத் தலையும் தாழ்ந்தது. என்னுடையது தாழவில்லை. சரி, கண்ணையாவது மூடலாம் என்று நினைத்த நேரத்தில் திரை விலகியது. எஸ்தர். ஜெபத்தில் கண்ணைத் திறந்து மாப்பிள்ளையைப் பார்க்க வந்தவள், அங்கே மாப்பிள்ளை ஏற்கெனவே தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். போட்டோவில் பார்த்த அதே பார்வை. நான் கண்ணை எடுக்கவில்லை. எடுக்க வழியும் இல்லை. அவளும் திரையைப் பிடித்தபடி, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு என்னைக் கூர்ந்து கவனித்தாள். அந்தப் பார்வையை நான் காதல் என்று எடுத்துக்கொண்டேன். ஜெபம் கொஞ்சம் நீளமாகவே போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆமென் சொல்லித் தலை நிமிர்ந்த வாத்தியார் கண்ணில் முதலில் பட்டது, தாழாத என் தலை. அவர் முகத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு விழுந்தது.

அப்புறம் எஸ்தர் காப்பித் தட்டோடு வந்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, வழக்கப்படி அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தாள். என் வலது பக்கம். நான் தொடர்ந்து அடுப்படித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா இருமினார். மாமா முழங்காலால் இடித்தார். தட்டில் இருந்த சாத்தூர்ச் சேவைப் பார்ப்பதுபோல மொத்த உடம்பையும் வலது பக்கம் திருப்பலாம் என்று சோபாவில் அரைவட்டம் அடிக்கப் பார்த்தேன். கையில் காப்பி இருந்தது ஞாபகம் இல்லை. அது வாத்தியாரின் வெள்ளை வேட்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

"பரவால்ல, பரவால்ல" என்றார் வாத்தியார், பரவாயில்லை என்கிற முகம் இல்லாமல். வேட்டியை உதறிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். "தம்பி ஒரு தடவகூட எங்க பொண்ணு பக்கம் திரும்பிப் பாக்கல. நான் வெளிப்படையாவே கேட்டுருதேன். பொண்ணு ஒங்களுக்குப் புடிச்சிருக்கா?"

இந்தக் கேள்விக்கு மாப்பிள்ளை வாயால் பதில் சொல்லும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. கூச்சத்தோடு தலையை இரண்டு பக்கமும் லேசாகச் சாய்க்க வேண்டும். அதற்குச் 'சரி' என்று அர்த்தம். நான் பிறந்ததிலிருந்து அப்படித்தான் சரி சொல்லியிருக்கிறேன். கழுத்தும் மறந்தது, உதையும் மறந்தது. சாய்த்தேன்.

"ஐயோ! அம்மா!" என்று அலறினேன்.

அடுப்படியில் ஒரு கரண்டி விழுந்தது.

"பொண்ணு புடிச்சிருக்கான்னு கேட்டேன்" என்றார் வாத்தியார் மெதுவாக. "அதுக்கு ஐயோன்னா என்னங்க அர்த்தம்?"

"இல்ல... இல்லைங்க... இல்ல..." என்றேன் நான். அப்படி இல்லைங்க, கழுத்துங்க என்று சொல்ல வந்தேன். 'இல்ல'வைத் தாண்டி வலி என்னை விடவில்லை.

"அதான் இல்லன்னு ஒரு தடவ சொல்லியாச்சே தம்பி. எதுக்குத் திரும்பத் திரும்பச் சொல்றீக?" அவர் குரல் நடுங்கியது. கோபம் என்று அப்போது நினைத்தேன். பிற்பாடு எனக்கு ஒரு மகள் பிறந்து வளர்ந்த பிறகுதான் அது வேறு என்று புரிந்தது. "புடிக்கலன்னா ஊர்ல போயி ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். பிள்ளைய முன்னால உக்கார வச்சுக்கிட்டு..."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எஸ்தர் எழுந்துவிட்டாள். திரும்பிப் பார்க்கக்கூட என்னால் முடியவில்லை. மூன்றாவது இடமும் போயிற்று என்று எனக்குத் தெரிந்தது. முதல் இரண்டும் போனபோது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. இப்போது வலிக்காகத்தான் கண்ணில் தண்ணீர் வந்தது என்று நான் சொன்னால் அது பொய்.

ஆனால் அவள் உள்ளே போகவில்லை. சோபாவைச் சுற்றிக்கொண்டு வந்து என் இடது பக்கம், என் முகத்துக்கு நேராக நின்றாள்.

"கழுத்து எப்பருந்து பூட்டியிருக்கு?" என்றாள்.

"மத்தியானத்துலருந்து."

"காய்ச்சல் உண்டா? வாந்தி? தல சுத்துதா? கண்ணு ரெண்டு ரெண்டாத் தெரியுதா? கை மரத்துப் போகுதா?"

"இல்ல." அந்த வீட்டில் நான் சொன்ன 'இல்ல'களில் அது ஒன்றுதான் சரியான இடத்தில் விழுந்தது.

"தலவலி?"

"தலவலியா? எம் பையனுக்கா? பொறந்ததுலருந்து கெடையாது!" என்று அம்மா குறுக்கே விழுந்தார்.

"உண்டு" என்றேன் நான். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "மூணு மாசமா உண்டு. மூளையில கட்டி."

"யாரு சொன்னா?"

"நான்தான்."

அவள் வாய்க்குள் சிரிப்பை மடக்கியது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பக்கத்தில்தானே நின்றாள். "எஸ்தர், என்னம்மா இது?" என்றார் வாத்தியார். "அப்பா, ஜெபத்துலயே பாத்தேன். அவுகளால தலையக் குனியவும் முடியல, திருப்பவும் முடியல" என்றாள் அவள்.

"ஜெபத்துல நீ எதுக்குக் கண்ணத் தொறந்த?"

அவள் அவசரமாக என் பின்னால் வந்து, மண்டை ஓடு முடிந்து கழுத்து தொடங்குகிற பள்ளத்தில் கட்டைவிரலை வைத்து, "இங்கனயா?" என்று அமுக்கினாள். வலி அங்கே புறப்பட்டு வழக்கமான பாதையில் கண்ணுக்குப் பின்னால் போய் நின்றது. பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையின் கழுத்தைப் பெண் பிடித்துக்கொண்டு நின்றதை எங்கள் உறவில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. வாயில் போட்ட சேவைக் கடிக்காமல் உட்கார்ந்திருந்தார் மாமா.

"பாத்தீகளா? நான் அமுக்குறது இங்கன, வலிக்கிறது அங்கன" என்றாள். "மேல் கழுத்துலருந்து வர்ற நரம்பும் மொகத்துலருந்து வர்ற நரம்பும் உள்ள ஒரே எடத்துலதான் போயிச் சேருது. போன்ல ஒருத்தருக்குப் பேசுனா இன்னொருத்தர் குரல் கேக்குமே, அந்தக் கத. கழுத்து கத்துறது கண்ணு கத்துற மாரிக் கேக்கும். என்ன வேல பாக்குறீக?"

சொன்னேன். லென்ஸ், கண்ணாடி மேசை, குனிந்த சீசன், படுக்கும்போது வைத்துக்கொள்ளும் இரண்டு தலையணை, தோளில் இடுக்கிக்கொண்டு ஆர்டர் எழுதும் போன், எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் சொடக்கையும் சொன்னேன்.

"தல நாலஞ்சு கிலோ இருக்கும். நேரா இருந்தா கழுத்து தாங்கிக்கிடும். குனியக் குனிய அதுவே மொளகா மூடை கணக்காக் கனக்கும். நாள் பூராவும் அதப் புடிச்சு இழுத்துக்கிட்டே நின்னா சதை இறுகாம என்ன செய்யும்? அது போக அடிபட்டாலும் இப்பிடி வரும், வயசாகி எலும்பு தேஞ்சாலும் வரும்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா இங்கன புதுசா வீங்கியிருக்கே, இது என்னது?"

"அது நம்ம வைத்தியம்மா" என்றார் மாமா பெருமையாக. "நான் கால் மொதல்ல பொறந்தவன்."

எஸ்தர் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் பார்க்கவில்லை. ஆனால் மாமா காலை சோபாவுக்கு அடியில் இழுத்துக்கொண்டது தெரிந்தது. "மூளைக்குப் போற ரத்தக் கொழா இந்த எலும்புக்குள்ளதான் போகுது. திருகி உதைச்சு அது கிழிஞ்சிருந்தா என்ன செஞ்சிருப்பீக? இனிமே கழுத்துப் பக்கம் கால் போகக் கூடாது."

"அப்ப இடுப்பு?"

"இடுப்புக்கும்தான்."

மாமாவின் பொது வாழ்க்கை அந்த இடத்தில் முடிந்தது.

பிறகு அவள் முன்னால் வந்து நின்றாள். ஆஸ்பத்திரிக் குரல். "எது அசையுது, எது அசையலன்னு பாக்கணும். கழுத்துல ஏழு எலும்பு. மேல இருக்கது வளையம் மாரி. அதுமேலதான் தல உக்காந்திருக்கு. 'ஆமா'ன்னு ஆட்டுறது அங்கன. ரெண்டாவது எலும்புல திருகை முளை மாரி ஒண்ணு நிக்கும். அதச் சுத்தித்தான் தல திரும்பும். 'வேண்டாம்'னு ஆட்டுறது அங்கன. எங்க, 'வேண்டாம்'னு ஆட்டுங்க பாப்போம். வலிச்சா நிறுத்திருங்க."

முயற்சி செய்தேன். ஒரு நூல்கூட நகரவில்லை.

"அப்பா" என்றாள் அவள், நர்ஸ் டாக்டருக்குச் சொல்வதுபோல. "அவுகளால வேண்டாம்னு சொல்ல முடியாது."

வாத்தியார் இருக்கையின் நுனிக்கு வந்தார்.

"இப்ப 'ஆமா'ன்னு ஆட்டுங்க. லேசா."

நான் எஸ்தரைப் பார்த்தபடி, முகவாயை மெல்லக் கீழே இறக்கி, மேலே ஏற்றினேன். கொஞ்சம்தான். ஆனால் அசைந்தது. வலிக்கவும் இல்லை. நிம்மதியில் இன்னொரு தடவையும் ஆட்டினேன்.

"ஆட்டிட்டான்! ஆமான்னு ஆட்டிட்டான்!" மாமா குதித்து எழுந்தார். "எல்லாரும் பாத்தீகள்ல? முடிஞ்சிச்சு! அக்கா, தட்ட மாத்து!" அம்மா அழுதுகொண்டே எஸ்தரின் அம்மாவைக் கட்டிப்பிடித்தார். வாத்தியார், "விடை ரெண்டு தடவ வந்திருக்கு, சரியாத்தான் இருக்கும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஜெபத்தைத் தொடங்கினார். இந்தத் தடவை, "மாப்பிள்ள தவிர மத்தவுக தலையத் தாழ்த்துங்க" என்றார்.

அடுத்த நாள் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்புக்கு ஒன்றும் இல்லை, தலைவலி கழுத்திலிருந்துதான் வருகிறது என்று எஸ்தர் சொன்னதையே சொன்னார். கட்டி போனது. கழுத்துப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். தலையணை ஒன்றானது. அச்சகத்தில் என் மேசைக் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த சீசனுக்குள் எல்லா மேசைக்கும் செங்கல் வந்துவிட்டது. தலைவலி கொஞ்சம் கொஞ்சமாக வண்டி ஏறிப் போனது. கல்யாணத்தன்று பாதிரியார் சம்மதமா என்று கேட்டபோது, முன்வரிசையிலிருந்து மாமா, "மருமகனே, வாயால சொல்லு, போதும்!" என்று கத்தியது வீடியோவில் இருக்கிறது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் புதுத் துணியா, டூரா, எதுவானாலும் என்னிடம் யாரும் கேட்பதில்லை. "அப்பாட்ட கேக்கவே வேண்டாம். அவுகளுக்கு அந்த ரெண்டாவது எலும்பு வேல செய்யாது" என்று மகள் முடித்துவிடுவாள். பள்ளிக்கூடத்தில் எலும்புக்கூடு பாடம் நடத்தியபோதும் எழுந்து இதைச் சொல்லியிருக்கிறாள். டீச்சர் வீட்டுக்குப் போன் செய்து எனக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

போன மாதம் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எஸ்தர் பின்னால் வந்து பிடரியில் கையை வைத்துத் தலையை நிமிர்த்தினாள். அப்போதுதான் இத்தனை வருஷமாகத் தோன்றாத ஒன்று தோன்றியது.

"ஏய், அன்னைக்கு எல்லாரும் எங்கிட்டதான கேட்டாக? நீ சும்மா டெஸ்ட்தான பண்ணுன? ஒனக்குப் புடிச்சிருக்கான்னு ஒருத்தரும் கேக்கலியே?"

"கேக்கல" என்றாள்.

"அப்ப?"

"அன்னைக்கு டெஸ்டுக்கு ஒரு தடவ ஆட்டுனாப் போதும்" என்றாள் எஸ்தர். "ரெண்டாந்தடவ ஆட்டும்போது நான் நிறுத்தச் சொல்லல பாத்தீகளா?"

பிடரியில் வைத்த கையை அவள் எடுக்கவில்லை. நான் போனைக் கீழே வைத்துவிட்டேன்.